கடைக்குப் போன பிரெஞ்சு போலீஸ்

எங்கள் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். ஓய்வு பெற்று ஊர் வந்து இரண்டு வருடமாகியும் யாரும் என்னை நீக்கவில்லை, நானும் வெளியேறவில்லை. போன வாரம் இப்போதைய பி.ஆர்.ஓ. தம்பி அதில் ஒரு படம் போட்டிருந்தான். ஒருவரின் விசா ரத்து வேலையை டீக்கடையில் உட்கார்ந்தபடியே கைபேசியில் முடித்துவிட்டானாம். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்ததாம். நாலு பேர் கைதட்டியிருந்தார்கள். "அண்ணாச்சி, உங்க காலத்துல இதுக்கு எத்தன நாளு?" என்று என்னையும் இழுத்துவிட்டான். உண்மையைச் சொன்னால் பையன் அழுதுவிடுவான் என்று பேசாமல் இருந்தேன். ஆனால் இன்னொருவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "உங்க சர்வீஸ்லயே உங்களக் கலங்கடிச்ச கேஸ் எது அண்ணாச்சி?"

அப்படி ஒன்றுதான் உண்டு. அதில் பிரெஞ்சு போலீஸ் வரும், வேற்றுக்கிரகவாசிகள் வருவார்கள், பட்டுக்கோட்டைக்காரர் ஒருவரும் வருவார். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். குழுவில் தட்டச்சு செய்தால் விரல் தேய்ந்துவிடும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அமீரகத்தில் ராஸ் அல் கைமாவின் ஒரு கல் குவாரிக்கு எடைமேடை எழுத்தராகப் போனவன். லாரி ஏறும், எடை எழுதுவேன், லாரி இறங்கும். லாரி ஓட்டுநர்களிடம் இந்தியும், சீட்டு வாங்க வந்தவர்களிடம் அரபியும் பொறுக்கிக்கொண்டேன். நான்காம் வருடம் பழைய பி.ஆர்.ஓ. வேலையை விட்டுப் போனபோது, அரபி பேசுகிறவன் என்று என் தலை அகப்பட்டது. பி.ஆர்.ஓ. என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அரபிகள் மந்தூப் என்பார்கள். கம்பெனிக்கும் அரசு அலுவலகங்களுக்கும் நடுவே காகிதம் சுமக்கிறவன். ஆள் வந்தால் விசா, வேலை செய்தால் பர்மிட், போனால் ரத்து. டைப்பிங் கடையில் அடி, நகல் எடு, முத்திரை வாங்கு, டோக்கன் எடு, உட்கார், எழுந்திரு. முப்பது வருடம் இதைத்தான் செய்தேன்.

எனக்கு மேலே நிர்வாக மேலாளராக உஸ்மான் சார் இருந்தார். சூடான் நாட்டுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், குரல் மட்டும் எறும்புக்குக்கூடக் கேட்காது. கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் இறங்கும். அவர் என்னைத் திட்டும்போது நான் மேசைமேல் சாய்ந்து காதைக் கொடுத்துத் திட்டு வாங்க வேண்டியிருக்கும். எந்தக் காகிதத்தையும் அவர் தானாகப் படிக்க மாட்டார். என்னை நிற்கவைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரைவரை உரக்கப் படிக்கச் சொல்வார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒரு நாள் நாலு வரியை விழுங்கினேன். "அந்த நாலு வரியை யார் படிப்பார்கள், யா முத்து?" என்றார், கண்ணைத் திறக்காமலே. என் முழுப்பெயர் பேச்சிமுத்து. அவருக்கு முத்து போதும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

பிரான்சிலிருந்து ஒரு படக்குழு. சிரிப்புப் படம். கதை இதுதான்: ஒரு பிரெஞ்சு ஊர் போலீஸார் வேற்றுக்கிரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறார்கள். அங்கே இருக்கிறவர்கள் போலீஸ் உடையைத் திருடிப் போட்டுக்கொள்கிறார்கள். எவன் தன் ஆள், எவன் அன்னியன் என்று தெரியாமல் இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவன் மூக்கையும் பிடித்துத் திருகிப் பார்க்கிறார். அந்த வேற்றுக்கிரகம்தான் எங்கள் குவாரி. இத்தனை வருடம் நாங்கள் சம்பாதித்த இடம் பூமி மாதிரியே இல்லை என்று வெள்ளைக்காரர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

தூரத்தில் ஓடுவதற்கும் விழுவதற்கும் இருபது பேர் வேண்டும் என்றார்கள். பத்து பேர் போலீஸ், பத்து பேர் வெள்ளி உடுப்பு. எங்கள் கேம்ப்பிலிருந்தே ஆள் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார். கூலி கிடையாது, மூன்று நாளும் கோழி பிரியாணி. கேம்ப்பில் அடிபிடி நடந்தது.

அவர்களுக்குப் பிரியாணி, எனக்குக் காகிதம். எங்கள் விசாவில் குவாரி வேலை மட்டும்தான் செய்யலாம். அதனால் இருபது பேருக்கும் பெயர் பெயராகத் தனி அனுமதி. அதைவிடப் பெரிய தலைவலி அந்தப் பத்து போலீஸ் உடுப்பு. எந்த நாட்டு போலீஸ் உடுப்பாக இருந்தாலும் சரி, அதைப் போட்டுக்கொண்டு சாலையில் நடந்தால் அங்கே கம்பிதான். சட்டை பத்து, தொப்பி பத்து, பெல்ட் பத்து, விசில் பத்து என்று ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட்டோம். படப்பிடிப்பு நடக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும், உடுப்பு கயிற்றைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நானே பொறுப்பு என்று உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்.

உஸ்மான் சார் ஒரு பதிவேடு போடச் சொன்னார். அதில் நாலு கட்டம். காலையில் கொடுத்தது, மதியம் வாங்கியது, மதியம் கொடுத்தது, மாலையில் வாங்கியது. "சாப்பாட்டுக்குப் போகிறவன் தன் சொந்தச் சட்டையில் போக வேண்டும். பசித்தவன் கயிற்றைப் பார்க்க மாட்டான்" என்றார். நான் தலையாட்டினேன். அந்த மூன்று நாளில் நான் செய்ய வேண்டியிருந்தது அந்த நாலு கட்டத்தை நிரப்புவது ஒன்றுதான்.

முதல் நாள் ஒழுங்காக நிரப்பினேன். இரண்டாம் நாள் சிரிப்பு என்னைக் கெடுத்தது. அன்று இன்ஸ்பெக்டர் வேடக்காரர் சரளைக் குவியல்மேல் ஏறி ஆணையிட வேண்டும். ஏறினார், சரளை சரிந்தது, உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தார். வந்த வேகத்தில் எதிரே நின்ற எங்கள் ஆள் மூக்கைப் பிடித்துத் திருகினார். அவன் நிஜமாகவே தும்ம, இன்ஸ்பெக்டரின் ஒட்டுமீசை பறந்தது. இயக்குநர் திரும்பத் திரும்ப அதையே எடுத்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு டயர்மேல் உட்கார்ந்து சிரித்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டியதும், ஆட்கள் அப்படியே பிரியாணிக்குக் கலைந்ததும், இரண்டாவது கட்டம் காலியாக இருந்ததும் எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு மணிக்கு மேல் போன் வந்தது. காவல் நிலையத்திலிருந்து பேசுகிறோம் என்றார்கள். "உங்கள் போலீஸ்காரர் ஒருவரை நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம்" என்றது அந்தக் குரல். வேறு நாளாக இருந்தால் அதற்கும் சிரித்திருப்பேன்.

பெயர் செல்வம் என்று சொன்னார்கள். ஓடிப்போய் விசாரித்தால், செல்வம் அறையில் காய்ச்சலோடு போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். அப்படியென்றால் நிலையத்தில் இருக்கிற செல்வம் யார்? "முருகையன் அண்ணந்தாண்ணே" என்றான் போர்வைக்குள்ளிருந்து. "எனக்கு ஒடம்பு முடியல. என் கார்ட எடுத்துக்கிட்டு எனக்குப் பதிலா அவரு போனாரு."

கேம்ப்பில் இது புதிதில்லை. ஒருவனுக்கு முடியவில்லையென்றால் அறைக்காரன் அவன் டூட்டிக்குப் போவான், நாளைக்கு இவனுக்காக அவன் போவான். அதை யாரும் குற்றமாக நினைத்ததில்லை, நானும் கண்டுகொண்டதில்லை. காலையில் உடுப்புக் கொடுக்கும்போது தொப்பியும் ஒட்டுமீசையுமாகப் பத்து பேரும் ஒரே அச்சில் இருந்தார்கள். நான் கார்டைப் பார்த்தேன், சட்டை எண்ணைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் முருகையன் என்றதும் நான் பதறியதற்கு வேறு காரணம் இருந்தது. துளை போடும் இயந்திரத்தில் அந்தப் பட்டுக்கோட்டைக்காரரைவிடக் கைதேர்ந்த ஆள் எங்கள் குவாரியில் இல்லை. அதனாலேயே ஒரேயடியாக ஊருக்குப் போகிறேன் என்று அவர் மூன்று முறை கேட்டும் கம்பெனி மூன்று முறை தள்ளிப் போட்டது. அந்தக் கடிதங்களை டைப்பிங் கடையிலிருந்து பாதியில் திருப்பி எடுத்து வந்தவன் நான்தான். மூன்றாம் முறை அவர் மனைவி போனில் சொன்னதை அவரே எனக்குச் சொல்லியிருந்தார். "அடுத்த தடவையும் வரலேன்னா இனிமே எனக்குப் போன் போடாதீங்க. அந்த மலையவே கட்டிக்கிட்டு அழுங்க." நாலாம் முறை விடுதலை கிடைத்தது. விசா ரத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை விமானம், அன்று செவ்வாய். வேலை இல்லாமல் அறையில் பெட்டி கட்டிக்கொண்டு சும்மா இருந்ததால்தான் செல்வத்துக்குப் பதிலாக அவரால் போக முடிந்தது.

இப்போது அவர்மேல் மூன்று குற்றம். போலீஸ் உடுப்பு, அடுத்தவர் கார்டு, விசா ரத்தான பிறகு வேலை. ஒன்று பதிவானாலும் வெள்ளிக்கிழமை போக முடியாது. வழக்கு முடியும்வரை சிறை, அது எத்தனை மாதமோ. அந்த அம்மாள் போனை எடுக்கப்போவதில்லை.

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு உஸ்மான் சார் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "மதியம் வாங்கினாயா?" என்றார். குரல் தரைக்கு இறங்கியிருந்தது.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். பதில் சொல்வதற்கு முன்னால் என் கை பேனாவைத் தேடியது. இரண்டாவது கட்டம் காலியாகத்தானே இருக்கிறது, பத்து எண், பத்து சுழி, அரை நிமிட வேலை. மதியம் உடுப்பை வாங்கிவிட்டேன், பிறகு அவன் கூடாரத்திலிருந்து எடுத்துப் போயிருக்கிறான் என்று ஆகிவிடும். என் வேலை தப்பும், கம்பெனி தப்பும். எனக்கும் அப்போது இரண்டு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். பேனா மூடியைத் திறந்தேவிட்டேன்.

உஸ்மான் சார் என் கையைப் பார்த்தார். தடுக்கவில்லை. "எழுது. எழுதிவிட்டு எனக்கு உரக்கப் படித்துக் காட்டு" என்றார்.

அதை எப்படிப் படிப்பேன்? 'செல்வம், உடுப்பு எண் ஏழு, மதியம் பெறப்பட்டது' என்று, அந்த உடுப்புக்குள் இருப்பது முருகையன் என்று தெரிந்துகொண்டே என் வாயால் படிக்க வேண்டும். முடியாது என்று தெரிந்துவிட்டது. காலிக் கட்டத்தின் குறுக்கே 'மதியம் நான் உடுப்பை வாங்கவில்லை' என்று அரபியில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அதை உரக்கப் படித்தேன். அவர் எழுந்து கார் சாவியை எடுத்தார்.

நிலையத்தில் நீள பெஞ்சு ஒன்றில் முருகையன் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, உருளைத் தொப்பி, மீசையில் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தக் கோலத்தைப் பார்த்ததும் பயத்தையும் மீறி ஆத்திரம் வந்தது.

"எங்கவே போனீரு? கயித்தத் தாண்டாதீரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா?"

"செல்வத்துக்குக் காய்ச்ச அதிகமாயிடுச்சுன்னு போன் வந்துச்சுண்ணே. மாத்திரை வாங்கலாம்னு மெயின் ரோட்டுக் கடைக்குப் போனேன். சட்ட போட்டிருக்கறதே நெனப்புல இல்லண்ணே." பையைத் தூக்கிக் காட்டினார். காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை, சோடா ஒரு பாட்டில்.

கடைக்குப் போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாசலில் ஒரு பெஷாவர்க்காரர் லாரியைத் தப்பான இடத்தில் நிறுத்தியிருக்கிறார். உடுப்பைக் கண்டதும் பதறி இறங்கி, லைசென்சை எடுத்து முருகையனிடம் நீட்டிவிட்டார். முருகையன் அதை வாங்கிவிட்டார். பின்னால் ரோந்து வண்டி வந்து நின்றது. உடுப்பு போட்டது ஒரு குற்றம் என்றால், உடுப்போடு லைசென்ஸ் பார்த்தது அதற்கு அப்பன்.

விசாரணை நடத்திய கேப்டன் ஓர் இளைஞர், இஸ்திரி கலையாத ஆள். எங்கள் உறுதிமொழிக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். பதிவேட்டைப் பார்த்தார், நான் எழுதிய வரியில் விரலை வைத்துக்கொண்டே லாரிக்காரரை உள்ளே கூப்பிட்டார். உருதுவில் விசாரணை நடந்தது.

"இவர் உன்னிடம் லைசென்ஸ் கேட்டாரா?"

"இல்ல சாஹிப், நானேதான் குடுத்தேன். லாரி நிறுத்தின இடம் தப்பு பாருங்க."

"வாங்கி என்ன செய்தார்?"

"மொதல்ல எனக்கு சல்யூட் அடிச்சார் சாஹிப்."

கேப்டன் பேனாவை நிறுத்தினார். "யார் யாருக்கு அடித்தது?"

"இவர் எனக்கு. அப்புறம் லைசென்ஸ ரெண்டு கையாலயும் பிடிச்சு, நல்லா இருக்கு பாய்ன்னு சொல்லி, ரெண்டு கையாலயே திருப்பிக் குடுத்தார். இருபது வருசமா வண்டி ஓட்டுறேன் சாஹிப், ரெண்டு கையால லைசென்ஸ் திருப்பித் தர போலீஸ நான் பாத்ததில்ல. அப்பவே இவர் போலீஸ் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

அந்த இளைஞர் குனிந்து எதையோ தேடுவது போல மேசை இழுப்பறையைத் திறந்தார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது முகம் மறுபடி கேப்டன் முகமாக இருந்தது. "ஏன் சல்யூட் அடித்தாய்?" என்று முருகையனைக் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். "காலைலேருந்து யாரு எதுக்க வந்தாலும் அடின்னு சொல்லிக் குடுத்தாங்கண்ணே, கை தானா போயிடுச்சு" என்றார் முருகையன். நடிகர் வேலை, போலீஸ் வேலை என்று இரண்டு பெரிய வேலைகளை ஒரே நாளில் செய்த களைப்பு அவர் முகத்தில்.

செல்வத்தையும் அழைத்து வரச் சொன்னார்கள். போர்வையோடு வந்தான். நிலையத்துக்காரர் ஒருவர் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். காய்ச்சல் உண்மை, கார்டை இவனே கொடுத்ததும் உண்மை. இருவருக்கும் நல்ல திட்டு விழுந்தது. பிறகு கேப்டன் என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கட்டத்தை நீ நிரப்பியிருந்தால், நான் திருட்டு என்று எழுதியிருப்பேன். எனக்கு வேறு வழி இருந்திருக்காது. உன் பேச்சா அவன் பேச்சா என்றால், காகிதம் உன் பக்கம்." பதிவேட்டை மூடினார். "நிரப்பவில்லை. அதனால் தவறு அவனுடையதாக இல்லை, உன்னுடையதாக இருக்கிறது."

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அடித்தார்கள். என் பெயரில், என் கோப்பில். கையெழுத்துப் போட்டேன். ஆனால் முருகையனின் காகிதத்தை மட்டும் கேப்டன் தனியாக ஓர் ஓரத்தில் வைத்தார். "இவர் எப்போது நாட்டை விட்டுப் போகிறார்?"

"வெள்ளிக்கிழமை" என்றார் உஸ்மான் சார்.

"சனிக்கிழமை இவர் இங்கே இருந்தால் இதைத் திறப்பேன்." கணினியில் ஏதோ தட்டினார். என்ன தட்டினார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை.

உடுப்பை அங்கேயே கழற்றி ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். முருகையனின் சொந்தச் சட்டை குவாரிக் கூடாரத்தில் கிடந்தது. உஸ்மான் சார் கார் டிக்கியிலிருந்து தன்னுடைய வெள்ளை ஜலாபியாவை எடுத்து வந்தார். ஆறடி சூடான்காரரின் அங்கிக்குள் ஐந்தடி பட்டுக்கோட்டைக்காரர் நுழைந்தார். கை தெரியவில்லை, கால் தெரியவில்லை. நிலைய வாசல்படியில் அதை மிதித்து இரண்டு முறை தடுக்கி, மூன்றாம் முறை என்மேல் விழுந்தார். தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று என்று நான் சொல்ல, அவர் சிரித்தார், பிறகு அந்த நீளக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாள் நான் தூங்கவில்லை. கணினியில் தட்டியது என்ன? பெயர் ஏறியிருந்தால் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் கவுண்டரில் சிவப்பாக வரும், ஆளை அப்படியே ஓரமாக நிறுத்துவார்கள். யாரிடமும் கேட்கவும் முடியாது. கேட்டால் ஓரத்தில் இருக்கிற காகிதத்தை நாமே நடுவில் இழுத்து வைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை நானே வண்டியில் அழைத்துப் போனேன். முருகையன் பெட்டிமேல் பெயரையும் ஊரையும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். வாசலில் இறங்கும்போது, "அண்ணே, பாண்டிச்செல்விக்கு இன்னும் போன் பண்ணல. உள்ள போனதும்தான் பண்ணணும்" என்றார். அது அவர் மனைவி பெயர். போய்விட்டார்.

நான் வெளியே நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசை தெரிந்தது, கவுண்டர் தெரியவில்லை. அரை மணி ஆயிற்று. வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற பச்சைச் சட்டைக்காரர்கூட உள்ளே போனதாகத் தோன்றியது. என் போன் அடிக்கவில்லை. அவரை நிறுத்திவிட்டார்கள் என்று நானே முடிவு செய்து, அந்த அம்மாளிடம் என்ன சொல்வது என்று வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டேன். திரும்பினால் தூணுக்குப் பக்கத்தில் உஸ்மான் சார் நிற்கிறார். வருவதாக அவர் சொல்லவே இல்லை. எனக்கு முன்பே வந்திருக்கிறார் போல.

போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணே, குத்திட்டாங்கண்ணே. பாஸ்போர்ட்டுல குத்திட்டாங்க. ஒண்ணுமே கேக்கலண்ணே." மூச்சு வாங்கினார். "செல்விக்குப் போன் போட்டேன். அதுக்குத்தான் லேட்டு. மொத மணியிலயே எடுத்துட்டா."

போனை அப்படியே உஸ்மான் சாரிடம் நீட்டினேன். அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பக்கம் முருகையன் அழுது அழுது சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார்.